மீந்த தண்ணீர்

"உனக்குப் பேச வராதா, இல்ல பேசப் பிடிக்காதா?" என்று அண்ணி கேட்டாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அது. நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "அது எங்க வீட்டு ஊமைக்கோட்டான், விடு" என்றான் அண்ணன்.

வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்ன ஒரு நாளோடு நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். அது நடந்து இரண்டு வருஷமாகிவிட்டது. அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே உதவிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கண் பரிசோதிக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் கீழ்வரியைப் படிக்கச் சொல்ல வேண்டும். "நாள் முழுக்க ஒரே வரிதான், திருப்பித் திருப்பிச் சொல்லணும். உன்னால முடியும்" என்றாள். எட்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போகிறவள், திரும்பி வந்ததும் என்னை முதலாளியிடம் கூட்டிப்போவதாகச் சொன்னாள். நான் அன்றைக்கே செருப்பைக் கழுவி வைத்தேன்.

போவதற்கு முந்தின நாள் அவள் ஒரு செடி வாங்கி வந்தாள். இலைகள் பெரியவை, உள்ளங்கை அகலம். இருவரும் பின்வாசலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் தொட்டியைப் பக்கவாட்டில் அமுக்கிக் கவிழ்த்ததும் செடி மண்ணோடு வந்தது. வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிக்கொண்டு கிடந்தன. சிக்கெடுப்பதுபோல அவற்றை மெதுவாகப் பிரித்துவிட்டாள். வெள்ளைப் பீங்கான் தொட்டியின் ஓட்டைமேல் ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்து, மணல் கலந்த மண்ணைப் போட்டு, செடியை நிறுத்தினோம். அடியில் வழியும்வரை ஒரு தடவை தண்ணீர் விட்டாள்.

"இனிமே ரெண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பாரு. மண்ணு ஒட்டுச்சுன்னா ஊத்தாதே. யாரையும் ஊத்த விடாதே."

தலையாட்டினேன்.

வெளிச்சம் விழும் ஜன்னல் எங்கள் வீட்டில் ஒன்றுதான். அது சாப்பாட்டு மேஜையருகே இருந்தது. செடி அங்கே போயிற்று.

குடித்து மீந்த தண்ணீரை வீணாகச் சாக்கடையில் கொட்டினால் அம்மாவுக்கு ஆகாது. யாராவது குடிக்கணும், இல்லையென்றால் எதற்காவது ஆகணும். இத்தனை நாள் எல்லோரும் கடைசிச் சொட்டுவரை கடமைக்குக் குடித்துக்கொண்டிருந்தோம். செடி வந்ததும் வீட்டுக்கே விடுதலை கிடைத்தது. அண்ணன் அரை டம்ளர் ஊற்றினான். அம்மா பருப்பு கழுவிய தண்ணீரைச் சத்து என்று ஊற்றினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய்வரை வந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாம் நாள் ஒரு தாளில் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று எழுதித் தொட்டியில் ஒட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு டம்ளரைச் சாய்த்தார்.

"தண்ணிதானே கூடாதுன்னு எழுதியிருக்கு? இது டீ."

அண்ணன் புரையேறச் சிரித்தான். தினமும் விரலை விட்டுப் பார்த்தேன். தினமும் மண் ஒட்டியது. ஐந்தாம் நாள் தாளின் எழுத்து நீலமாக வழிந்திருந்தது. ஏழாம் நாள் அடி இலைகள் மஞ்சளாயின.

அண்ணி வந்து பையை இறக்கியதும் தண்டை அழுத்திப் பார்த்தாள். இழுத்த இழுப்பில் செடி கையோடு வந்தது. வேர்கள் பழுப்பாகி, ஊறிய நூல்போல நழுவின. நாற்றம் அடித்தது. யார் ஊற்றியது என்று கேட்டாள். ஒரு வாய்தான் என்றான் அண்ணன். சத்துக்காக என்றாள் அம்மா. அப்பா டீயைப் பற்றிச் சொல்லவில்லை.

"நீ பார்த்தியா?" என்று என்னைக் கேட்டாள்.

தலையாட்டினேன்.

"சொன்னியா?"

தாளைக் காட்டினேன். வழிந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழுகாத ஒரு கிளையை வெட்டி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, அதே ஜன்னலில் வைத்தாள்.

"கடைக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லிடறேன். கோபமில்ல. அங்க வாயால சொல்லணும்மா, எழுதி ஒட்ட முடியாது."

மறுநாள் காலை அப்பா டீ குடித்து முடித்தார். அடியில் கொஞ்சம் மீந்தது. அவர் கை ஜன்னல் பக்கம் போனது.

"ஊத்தாதீங்கப்பா."

குரல் கரகரவென்று வந்தது. அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அண்ணி வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தாள். வேலைக்குக் கிளம்பும்போது தினமும் என்னிடம் மட்டும் "வரட்டுமா?" என்று கேட்பாள். இன்றைக்கு என் குரல் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, அதைக் கேட்காமலே படியிறங்கிப் போனாள்.