எதிரொலிக்கு விட்ட இடம்

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிரஞ்சனாவுக்குக் குரல் திரும்பி வந்தது. மேல் ஸ்தாயி மட்டும் வரவில்லை. கோவில் விழாக்களிலும் நண்பர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் பாடிக்கொண்டிருந்தவள் அவள். இப்போது சில வரிகள் பாடுவதற்குள் தொண்டை கரகரத்து, சத்தம் வெறும் காற்றாகப் போய்விடும். பொறுமையாக இருங்கள் என்றார் மருத்துவர். தம்பி கபிலனின் கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்காகத் தானே எழுதி மெட்டமைத்த பாட்டை மேடையில் பாடுவதாகச் சொல்லியிருந்தாள்.

"மேடை வேணாம். வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணிடலாம்" என்றான் கணவன் வருண்.

அவர்களுடைய பூன் லே அடுக்குமாடி வீட்டில், குண்டுவீச்சிலிருந்து காக்கக் கட்டிய பாம் ஷெல்டர் அறைதான் அவனுடைய ஒலிப்பதிவு அறை. அரிசி மூட்டையை வெளியே இழுத்துப் போட்டு, கான்கிரீட் சுவர்களில் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தினான். சனிக்கிழமை காலை முழுக்க அவள் மூச்சு வாங்க வாங்கப் பாடினாள்.

அதன்பின் வருண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். சுருதி விலகிய இடங்களை மென்பொருளால் நேராக்கினான். கரகரப்பை வடிகட்டினான். பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல் கேட்க ரிவெர்ப் சேர்த்தான். பெருமையோடு அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டான்.

முழுதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ரொம்ப நல்லாருக்கு. யாரு பாடுனது?"

வருண் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சரி, எஃபெக்ட் எல்லாத்தையும் எடுத்துடறேன். உன் குரல் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அதுதான் அழகு."

அப்படியே போட்டுக் காட்டினான். பாதியிலேயே அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"இதக் கேட்டுட்டு கல்யாண ஹால்ல எல்லாரும் என்னைப் பாத்து பாவம்னு சொல்லணுமா? சும்மா அழகு அழகுன்னு சொல்லாத லா."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

குவீன்ஸ்டவுனில் இருக்கும் நண்பன் நூருல் அமீனிடம் வருண் இதைச் சொல்லி வருத்தப்பட்டான். கிட்டார் வாசிக்கும் அமீன், கையடக்கமான ஓர் எக்கோ பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

"நீ அவங்க பாடி முடிச்சப்புறம் மாத்துற. இது பாடும்போதே காதுல கேக்கும். அவங்க கையில குடு."

ஷெல்டருக்குள் மைக்கை அந்தப் பெட்டியோடு இணைத்து, வருண் அதை அவள் முன்னால் வைத்தான். ஒரு சொல் பாடிப் பார்த்தாள். அதே சொல் அவளுக்குப் பின்னாலிருந்து திரும்பி வந்தபோது திடுக்கிட்டாள். குமிழைத் திருகினாள். எதிரொலி நீண்டது. இன்னும் திருகி, பிறகு குறைத்தாள்.

"நீ ரெக்கார்ட் போட்டுட்டு வெளில இரு" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கனத்த இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே அவள் சுருதியை நன்றாக இறக்கினாள். மேலே ஏற வேண்டிய வரியைக் கீழே இறங்கும்படி மாற்றினாள். மூச்சு தீரும் இடத்தில் போராடாமல் விட்டுவிட்டாள். அங்கே எதிரொலி அவள் சொல்லை ஏந்திக்கொண்டு கொஞ்ச தூரம் போயிற்று. கரகரப்பு இருந்தது. அவளுக்கு அது உறுத்தவில்லை.

கதவு திறந்தபோது ஹாலில் நின்றிருந்த வருணிடம், "இதுல ஒண்ணும் கை வைக்காத" என்றாள். அவன் வைக்கவில்லை.

சிராங்கூன் ரோடு பக்கத்து மண்டபத்தில் மாலை மாற்றி முடிந்ததும் பாட்டு ஒலித்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் சிலர் நிறுத்தினார்கள்; சிலர் நிறுத்தவில்லை. மேடையில் கபிலன் முதல் வரியிலேயே மணப்பெண் வர்ஷாவின் பக்கம் குனிந்து, "அக்கா" என்றான். பிறகு மாலையோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா அத்தை நிரஞ்சனாவின் கையைப் பிடித்தார்.

"குரல் சரியாயிடுச்சாம்மா?"

"இல்ல அத்தை. இப்ப இப்படித்தான் பாடறேன்."

அத்தை தலையசைத்தார். பாட்டு முடியும்வரை கையை விடவில்லை.