பெட்டி இல்லாத கிட்டார்

தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் முன்பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, ஜூட்சன் அதோடு இணைத்த தன் எலக்ட்ரிக் கிட்டாரைப் பக்கத்து வீட்டுப் பத்திநாதனின் மடியில் வைத்தான்.

“தொட்டா ஷாக் அடிக்காதேடா?”

“அதுக்கே உங்களக் கண்டா பயம் மாமா.”

மறுநாள் அவருடைய மகள் ஷெரோமிக்குக் கல்யாணம். அவள் கோயிலுக்குள் நடந்து வரும்போது தன் கையால் வாசிக்க வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. ஆனால் அவருடைய மரக்கிட்டார் அடைமழையில் ஈரம் கோத்துக்கொண்டது. தோட்டத்து லயன் வீடுகளில் நனைந்த எல்லாமே போகும் இடத்துக்குத்தான் அதுவும் போனது: அடுப்புக்கு மேலே, விறகுக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவில். சூட்டில் பசை இளகி, கம்பிகளைத் தாங்கிய கட்டை பெயர்ந்து விழுந்தது. “கரண்டு போனா ஊமையாப் போற சாமான்” என்று ஜூட்சனை வருஷக்கணக்காகக் கேலி செய்தவர், அந்தச் சாமானைக் கேட்டு அவன் வாசலில் வந்து நின்றார். அவன் எதையும் நினைவூட்டவில்லை. அதுவும் ஒரு தர்மம்தான்.

ஜூட்சன் மென்பொருளில் நடு ஒலியைக் குறைத்தான். மரக்கிட்டார் ஒன்றின் உடல் அதிர்வைப் பதிந்த கோப்பைச் சேர்த்தான். ஸ்பீக்கரில் தகரச் சத்தம் வடிந்து, மரம் பேசியது.

“அட களவாணி! எங்கருந்துடா புடிச்ச?”

பத்திநாதன் உற்சாகமாக வாசித்தார். பாட்டின் ஒவ்வொரு அடி முடிவிலும் கட்டைவிரலால் கிட்டார்ப் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். தட்டினார். இந்தக் கிட்டாரின் கெட்டிப் பலகையில் சத்தமே எழவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“நீயே வாசிச்சிரு தம்பி.”

ஜூட்சன் தட்டும் ஒலி ஒன்றைத் தேடிச் சேர்த்தான். பொத்தானை அழுத்தியபோது, ஒலி கைக்குப் பின்னால் தாமதமாக வந்தது, வேறு யாரோ பதில் சொல்வதைப்போல. அணைத்துவிட்டான்.

பீடத்தை அலங்கரிக்க வாளி நிறையப் பூவோடு வந்த ஷெரோமி, வாசலிலேயே நின்றிருந்தாள். பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“இன்னொரு தடவ வாசிங்கப்பா” என்று வாளியைப் பெஞ்சில் வைத்தாள்.

அவர் தயங்கித் தொடங்கினார். அடி முடிந்த இடத்தில், அவள் விரல் முட்டியால் பெஞ்சைத் தட்டினாள். பத்திநாதன் நிமிரவில்லை, வாசிப்பையும் நிறுத்தவில்லை.

“நாளைக்கு நான் நடந்து வர்றப்ப நீங்க தட்டணும்ண்ணே” என்றாள் ஜூட்சனிடம்.

அடுத்த அடி முடிவில் ஜூட்சன் பெஞ்சைத் தட்டினான். பழைய பலகை அதிர்ந்தது. வாளித் தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து, பூக்காம்புகளைத் தொட்டுக் கலைந்தது.