வரப்பில் இறங்கிய சாமி

காதில் ஒலித்த கவிதை முடியும்வரை அமுதவல்லி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது எதிரே, உப்பள வரப்பில் நாத்தனார் திரௌபதி முட்டி போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் உப்பு வாருகிற பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

இடையஞ்சாவடியில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் அமுதவல்லிக்கு உதவியாளர் வேலை. யூரித்மியை அங்கேதான் கற்றுக்கொண்டாள். ஒருவர் கவிதை சொல்ல, இன்னொருவர் அதன் ஒலிகளை உடம்பால் காட்டுவது. ஆ என்றால் கைகள் விரியும். ஓ என்றால் எதையோ அணைப்பதுபோல் வளையும். ஆடுகிறவர் வாய் திறக்கக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் முதல்முறையாக மேடையில் தனியாக ஆட வேண்டும்.

வீட்டில் கை நீட்ட இடமில்லை. ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து வரப்புக்கு வந்தாள். பள்ளியில் கொடுத்த மஞ்சள் பட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு, செல்போனில் பதிந்திருந்த குரலுக்கு ஆடிப் பார்த்தாள். காற்றில் கொண்டை அவிழ்ந்தது. இயர்போன் முடிக்குள் மறைந்துபோனது. குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. பார்த்தவர்களுக்கு, அவள்மேல் சாமி வந்திருந்தது.

"எறங்குறதுக்கு இந்த ஒல்லிக்குச்சிதான் கெடச்சுதா ஆத்தாவுக்கு?" என்றாள் ஒருத்தி.

"வாய மூடுடி, கேட்டுடப் போவுது," என்றாள் பக்கத்தில் நின்ற சின்னப்பாப்பா.

திரௌபதி கைகூப்பினாள். "தாயே, என் பொண்ணு நிவேதாவ அந்தப் பிரபாகரனுக்குக் குடுக்கலாமா, வேணாமா? வெள்ளிக்கிழம தட்டு மாத்தணும்னு நிக்கிறாங்க. ஒரு வார்த்த சொல்லு."

பிரபாகரன் குயிலாப்பாளையம் ரோட்டில், பெற்ற தாயை ஹெல்மெட்டால் அடித்ததை அமுதவல்லி கண்ணால் பார்த்திருக்கிறாள். வீட்டில் சொன்னாள். புருஷன் ஐயப்பன், "ஏதோ கோவத்துல அடிச்சிருப்பான்" என்றான். திரௌபதி, "நல்ல எடம் வந்தா ஒனக்குப் பொறுக்காதே" என்றாள். நர்சிங் படிக்கும் நிவேதா மட்டும் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமுதவல்லி கையை இறக்கினாள். "அண்ணி, எழுந்திருங்க. சாமியெல்லாம் ஒண்ணும் இல்ல, நாந்தான். ஆடிப் பாத்துட்டு இருந்தேன். அவன் வேணாம் அண்ணி. நா பாத்தத சொல்றேன், கேளுங்க."

"மலையேறிட்டா," என்று சின்னப்பாப்பா பெருமூச்சு விட்டாள்.

திரௌபதி எழுந்து புடவையில் ஒட்டிய உப்பைத் தட்டினாள். "நீ சொல்றத கேக்கவா நா வெயில்ல முட்டி போட்டேன்? சாமியே ஒண்ணும் சொல்லல. வேணாம்னா சொல்லியிருப்பா. வெள்ளிக்கிழமயே வெச்சுக்கலாம்."

அவள் திரும்பி நடந்தாள்.

அமுதவல்லி தன் கைகளைப் பார்த்தாள். இந்தக் கைகள் தன்னுடையவை என்று அவளுக்குத் தெரிந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. கூட்டவும் துவைக்கவும் சுமக்கவும் இருந்த கைகள், எந்த வேலையும் இல்லாமல் காற்றில் முதல்முறை எழுந்த அன்று அழுதிருக்கிறாள். இப்போது சாமியாக நடித்து அவற்றை ஆத்தாவுக்குக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இனி எங்கே கை விரித்தாலும் அது சாமியின் கை. சாமி இறங்கிய பொம்பளையை ஐயப்பன் மேடையேற விடுவானா? அதைவிட இன்னொரு பயம். அவளும் அந்த ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றி வளர்ந்தவள்தான். ஆத்தா பெயரால் எப்படிப் பொய் சொல்வது? மன்னிச்சுக்கோ என்று உள்ளுக்குள் கேட்டாள்.

திரௌபதி வரப்பின் திருப்பத்தை நெருங்கிவிட்டாள்.

அமுதவல்லி கைகளை விரித்தாள். காதில் கவிதை இல்லை. உடம்பு தானாக ஆடியதா, அவள் ஆட்டினாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஏ திரௌபதி."

மூத்த நாத்தனாரை எந்த வீட்டு மருமகளும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெண்கள் அப்படியே வரப்பில் உட்கார்ந்தார்கள். திரும்பிய திரௌபதியின் முகத்தில் ரத்தம் இல்லை.

"பொண்ணக் குடுக்காத. படிக்க வுடு."

"குடுக்கல தாயே, குடுக்கல." ஓடிவந்து காலில் விழுந்தாள் திரௌபதி. யாரோ குடத்துத் தண்ணீரை அமுதவல்லியின் தலையில் ஊற்றினார்கள். மஞ்சள் பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"ஞாயித்துக்கெழம ஒனக்குப் பொங்க வெக்கிறோம்," காலைக் கட்டிக்கொண்டே சொன்னாள் திரௌபதி. "அதுவரைக்கும் வீட்டவுட்டு எங்கயும் போயிடாத, ஆத்தா."

அமுதவல்லி வாய் திறக்கவில்லை.