பத்தாம் காம்பராவில் ஆள் இல்லை

1974ஆம் ஆண்டு ஆடி மாதம், இலங்கையின் அப்புத்தளைக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனும் வீட்டு வரிசையின் பத்தாம் காம்பரா அறையில், கருப்பம்மாவின் புருஷன் லிங்கம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோதே இல்லாமல் போனார். வெற்றிலை தரையில் விழுந்தது. விரலைக்கூடக் காணவில்லை.

காரணம் கருப்பம்மாவின் வாய்தான். அன்று நிவாரணப் பட்டியல் எழுத வந்த ஐயா, லயத்து வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன இல்லை என்று கேட்டார். உத்தியோகக்காரர் கேட்டால் இருப்பதையும் இல்லை என்பதே அங்கே வழக்கம். உண்டு என்றால் கொடுப்பதில் குறைத்துவிடுவார்கள். பூவம்மா கூரை இல்லை என்றாள். ஜெயராசா, லயத்துக்கே பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் இல்லை என்றார். விதவைக்கு ஒரு கொத்து மாவு கூடுதலாம் என்று கேள்விப்பட்டிருந்த கருப்பம்மா, பின்வாசலில் புருஷனை உட்காரவைத்துவிட்டு, "ஆம்பள இல்லைங்க" என்றாள். ஐயா அடியில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கணமே பூவம்மாவின் கூரைத் தகரமும், பீலித் தண்ணீரும், லிங்கமும் போயின. ஐயாவும் வந்த வழியே போய்விட்டார், மாவு வரவேயில்லை.

கருப்பம்மா தேயிலைச் செடிகளுக்கடியிலெல்லாம் தேடினாள். பத்தாம் நாள், அப்புத்தளையிலிருந்து துணி மூட்டையோடு வந்த இத்ரூஸ் நானா, மழையில் நனைந்துகொண்டிருந்த பூவம்மாவைப் பார்த்து, "மானாப்புல் வேயுற கை ஒனக்கு இருக்கே, புள்ள! பொறகேன் நனையுற?" என்றார். மறுகணம் தகரம் தலைக்கு மேல் டமாரென்று வந்து இறங்கியது. நானா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்.

அப்படியானால் லிங்கத்திடம் உள்ள நல்லதை அடுத்தவர் வாயால் 'இருக்கு' என்று சொல்ல வைத்தால் அவரும் வந்துவிடுவார். கருப்பம்மா வீடு வீடாகப் போனாள். "எங்க வீட்டு ஆளுகிட்ட என்ன இருக்குன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள். "நீதானே ஒண்ணுக்கும் ஒதவாத மனுஷன்னு பதினஞ்சு வருஷமா சொன்னே?" என்று ஜெயராசா சிரித்தார். பிறகு யோசித்து, மண்ணில் காதை வைத்தே ஊற்று எங்கே என்று சொல்லும் திறமை லிங்கத்திடம் இருக்கு என்றார். வாசலில் இரண்டு காதுகள் முளைத்தன. கருப்பம்மா அலறிவிட்டாள். அந்தக் காதுகள் காட்டிய இடத்தைத் தோண்டியதில் பீலிக்கும் தண்ணீர் வந்தது. காய்ச்சலில் கிடந்த தன் மகளைச் சுமந்து ஆஸ்பத்திரிக்கு நடந்த தோள் இருக்கு என்றாள் பூவம்மா, தோள்கள் வந்தன. கேட்காமலே பத்து வீட்டுத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் தீட்டிய கை இருக்கு என்றார்கள் மற்றவர்கள், கைகள் வந்தன. இப்படியே ஒன்றரை மாதத்தில், புருஷன் பாதம்வரை சேர்ந்துவிட்டார். இதில் ஒன்றுகூடக் கருப்பம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளைத் திடுக்கிட வைத்தது காதுகள் அல்ல, அதுதான்.

வாய் இன்னும் வரவில்லை. லிங்கம் பேசி லயத்தில் யாரும் கேட்டதில்லை. வீட்டில் பேச அவருக்கு முறை வந்ததில்லை. கடைசியில் கருப்பம்மா, எல்லோரும் பார்க்க, "என் வாயைத் தாங்குற பொறுமை இருக்குங்க அவருக்கு" என்று அழுதாள். உதடுகள் வந்தன. திறந்து, "அடுப்புல ரொட்டி கருகுது" என்றன.

இடது கைச் சுண்டுவிரல் பற்றி எவருக்கும் எதுவும் தோன்றாததால் அது வரவில்லை. லிங்கம் ஒன்பது விரலோடு மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனார்.