அன்னாமேரி வாங்கிய மாம்பழம்

...கேட்டிருக்கலாம், மறுபடி அச்சுப் போட்டால் என்னைக் கேட்காமல் ஒரு வரியும் மாற்றக்கூடாது என்று அன்றைக்கே எழுதி வாங்கியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்... சவரிராயன் வாத்தியார் மடியிலிருந்த புதுக் கணக்குப் புத்தகத்தை மறுபடியும் புரட்டினார், வண்டி ஒதியம்பட்டுப் பக்கம் குலுங்கிக்கொண்டு போனது, யார் எழுதி வாங்கினார்கள் இந்தச் சீமையில், தாம்பூலம் மாற்றினால் பேச்சு முடிந்தது, மகள் அன்னாமேரியைக் கட்டிக்கொடுத்தபோதும் அப்படித்தான், தான் எழுதிய புத்தகத்தை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தபோதும் அப்படித்தான், அதற்கப்புறம் பத்திரம் கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா... அச்சுக்கூடத்துச் சிவப்பிரகாசமும் அன்று எப்படிச் சிரித்தார், "நமக்குள்ள இன்னாத்துக்கு வாத்யாரே பத்திரம்?" அதே வாய்தான் இன்று காலையில், "கடலூர்ப் பக்கம் இங்கிலீஷ்காரன் பள்ளிக்கூடத்துலயும் ஓடணும்ல, பேரெல்லாம் பொதுவா இருக்கட்டும்னு மாத்திட்டேன், புஸ்தகத்தத்தான் குடுத்துட்டீங்களே" என்றது.

அட்டையில் தன் பெயர் இல்லை, தொலையட்டும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆனால் கழித்தல் பாடத்து முதல் கணக்கு... அன்னாமேரி சந்தையில் ஒன்பது மாம்பழம் வாங்கினாள், தம்பிக்கு நான்கு கொடுத்தாள், மீதி எத்தனை? தலைப்பிரசவத்தில் போன பெண், புருஷன் ஊர்க் கல்லறையில் ஒரு சிலுவைகூட நட விடவில்லை அவர்கள், அந்தக் கணக்கில்தான் அவளைக் கொண்டுவந்து வைத்தார், வருஷா வருஷம் பிள்ளைகள் அவள் பெயரைக் கத்திப் படிக்கட்டும் என்று. இப்போது மாம்பழம் வாங்குகிறவள் தனக்கொடி. யார் இந்தத் தனக்கொடி? பாவம், அவள்மேல் என்ன கோபம்.

வீட்டில் ஆரோக்கியம் காத்திருப்பாள், பெற்றவள், "புது புஸ்தகம் வந்துச்சா, நம்ப பொண்ணு வர்ற எடத்த படிங்க" என்பாள், ஒவ்வொரு பதிப்புக்கும் அதே கேள்வி... படித்துவிடலாம், தனக்கொடி என்றிருப்பதை வாயால் அன்னாமேரி ஆக்கிவிடலாம், எழுத்துத் தெரியாதவள், அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது, தெரிய வேண்டாம்... வில்லியனூர் மாதா கோயில் கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது, படித்து முடித்ததும் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்வாளே, அவர் காட்டாமலே அந்த ஒரு வார்த்தையைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்திக்கொள்வாளே, ஒரு தடவைகூட அவள் விரல் தவறி வேறு வார்த்தைமேல் விழுந்ததில்லையே...