நாற்பத்தெட்டுப் பிரதட்சிணம்

மூன்று மாதம் வழக்கம்போல் இருக்க வேண்டும், புதிதாக எந்தப் பயிற்சியும் கூடாது என்று சொல்லித்தான் என்னை ஆய்வில் சேர்த்தார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் நாற்பது பேர். பாதிப்பேருக்கு உடனே சைக்கிள் பயிற்சி. மீதிப்பேருக்கு மூன்று மாதம் கழித்து. குலுக்கலில் எனக்குக் காத்திருப்பு விழுந்தது.

என் மனைவி விஜயம் காத்திருக்கவில்லை. நான் ஸ்ரீவராகம் கோயிலைத் தினம் நாற்பத்தெட்டு முறை சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினேன். பிரார்த்தனையை யார் பயிற்சி என்று நினைப்பார்கள்?

மூன்று மாதம் முடிந்து இன்று இரண்டாம் சோதனை. ஸ்கேன் குழாய்க்குள் படுத்துக் காலால் மிதிகட்டையை மிதித்து முடித்தேன். ஆய்வை நடத்தும் மலையாளி பிசியோதெரபிஸ்ட் சுதீஷ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேஷன் சாரே, தொடைத் தசை தளர்ந்து, மறுபடி சக்தி நிறையறதுக்குப் போன தடவை அறுபத்தொரு செகண்ட் எடுத்தது. இப்போ நாற்பத்திமூணு. சைக்கிள்காருக்குத்தான் இங்ஙனே வரும். சத்யம் பறயணும், என்ன செஞ்சீங்க?"

நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

"பெருமாள் கைவிடலை பாத்தேளா!" என்றாள் விஜயம். "தினம் நாற்பத்தெட்டுப் பிரதட்சிணம். ஒரு நாள் தப்பலை."

சுதீஷ் பேனாவை மூடினான்.

"மாமி, அது பிரதட்சிணமா ஓட்டமான்னு தசைக்குத் தெரியாதே. இனி சாரோட பேரை வெட்டணும். சைக்கிளும் கிட்டாது. நடந்தே இத்தனை ஆச்சில்லே, நடந்தா மதி."

நடந்தால் போதுமாம். பத்து நாளாகக் கொடிமரத் திருப்பத்தில் என் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. இருமுறை விழுந்தேன். நடை உறைந்துபோன ஒருவர் இதே அறையில் சைக்கிள் மிதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பித்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தசையில் சக்தி நிறைகிறது; சைக்கிளை விட்டால் செலவழிக்க எனக்கு வேறு வழியில்லை.

"என்னைக் கணக்கிலே சேக்கவேண்டாம். ஒரு மூலையிலே மிதிச்சுட்டுப் போறேன். என்னால நடக்க முடியலை, சுதீஷ்."

"ஆய்வுக் கமிட்டி சம்மதிக்காது சாரே."

விஜயம் என் பக்கம் திரும்பினாள். "முடியலையா? நேத்திக்குக்கூட நாற்பத்தெட்டுன்னேளே?"

மேலே ஏசி இரைந்துகொண்டிருந்தது.

"ஒன்பது," என்றேன்.

அவள் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். வாசல்வரை நடந்தேன். நிலைப்படியில் கால்கள் நின்றுவிட்டன.

"போதும், வாங்கோ. எத்தனை கெஞ்சுவேள்," என்றாள் மெதுவாக, நான் இன்னும் கெஞ்சத்தான் நிற்கிறேன் என்று நினைத்து.

சுதீஷ் என் பாதங்களைப் பார்த்தான். ஓடிவந்து தன் ஷூக்காலை என் காலுக்குக் குறுக்கே வைத்தான்.

"இதைத் தாண்டுங்க சாரே. இதை மாத்ரம்."

ஒட்டியிருந்த கால் எழுந்தது; தாண்டினேன். வெளியே நீண்ட தாழ்வாரம். அதன் கடைசியில் இன்னொரு கதவு, இன்னொரு நிலைப்படி இருந்தது.