சகலை வந்தால் ஓடும் வண்டி

மாமனார் இறந்து வண்டி கைமாறிய நாளிலிருந்து பதினோரு வருஷம், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரரின் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் அவருடைய சகலை நாற்பதடிக்குள் வந்தால்தான் ஸ்டார்ட் ஆனது. நாற்பதடி என்பது உத்தேசமல்ல. டேப்பின் ஒரு முனையைக் கண்ணாடிக்காரரின் மனைவியும் மறுமுனையை அவள் அக்காவும் பிடித்து அளந்தார்கள். சகலை நாற்பத்தோராவது அடியில் நின்றபோது எத்தனை உதைத்தும் வண்டி மூச்சு விடவில்லை. ஓரடி முன்னால் வந்தார், முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. கிளம்பிவிட்டால் அப்புறம் எத்தனை மைல் வேண்டுமானாலும் போகும். அணைத்தால்தான் வம்பு. அதனால் கண்ணாடிக்காரர் போன இடத்திலெல்லாம் வண்டியை உறுமவிட்டே நிறுத்திவைத்தார், பெட்ரோல் பங்க்கில் அவருக்கு வாய்ச்சண்டை வாடிக்கையானது.

சகலை தொழிலில் பிளம்பர். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறுகிற மனிதர் வந்தால் தன் வண்டியில் நெருப்புப் பொறி பறக்கிறது என்பது கண்ணாடிக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஏற்கெனவே அவருக்குச் சகலை மேல் பொறாமை உண்டு, அதை மறைக்கத் தெரிந்த ஆளும் அல்ல. பிளம்பர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பத்தே நிமிஷத்தில் அந்த வீட்டு நாய் அவர் காலடியில் படுத்திருக்கும். பிளம்பர் சொல்லும் மொக்கை ஜோக்குக்குக் கண்ணாடிக்காரரின் மனைவி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அதே ஜோக்கை மறுநாள் இவர் சொன்னால், அடுப்பை அணைத்தாயிற்றா என்று போய்ப் பார்ப்பாள். இரண்டு மருமகன்களில் மாமனார் வண்டியை இளையவருக்குக் கொடுத்தார், மூத்தவருக்குக் கைக்கடிகாரத்தோடு சரி. வாழ்க்கையில் சகலையை இவர் ஜெயித்த ஒரே இடம் அதுதான். அதிலும் அந்த ஆள் வந்து மூக்கை நுழைத்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கோளாறு பொறி கொடுக்கும் பாகங்களில்தான் இருக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார். பேட்டரி இல்லாமல் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ, அதற்குள் பாயிண்ட், கண்டென்சர், அங்கிருந்து வெளியே வரும் வயர், கடைசியில் பிளக். இதில் எதை மாற்றுவது என்று பேச்சு வந்தபோது பிளம்பர் குனிந்து பார்த்துவிட்டு, கண்டென்சரை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்றார். அது ஒன்று போதாதா? கண்ணாடிக்காரர் கண்டென்சரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினார். முதல் வருஷம் பிளக், மூன்று கம்பெனி. இரண்டாம் வருஷம் வயர். பாயிண்ட் கடல் தாண்டி வர ஏழு மாதம் ஆனது, வந்ததும் கடையில் லென்ஸ் சோதிக்கும் விளக்கடியில் வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளியை ஒரு பகல் முழுக்க அளந்தார். கண்ணைக் காட்ட வந்தவர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். பாயிண்டுக்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் செட் மட்டும் வேண்டாம், இந்த வண்டிக்கு ஒத்துவராது என்று பிளம்பர் சொன்னதால் ஐந்தாம் வருஷம் அதையும் வாங்கி மாட்டினார், மூன்றாம் நாள் கழற்றினார். எதை மாட்டினாலும் நாற்பதடிதான். எங்காவது போக வேண்டுமென்றால் முதலில் சகலைக்குப் போன் போட்டுக் கூப்பிட வேண்டும், அவரும் கையில் ஸ்பேனரோடு சிரித்துக்கொண்டே வருவார்.

பதினோராம் வருஷம் மெக்கானிக் கண்ணாடிக் கடை வாசலில் வைத்து மேக்னெட்டோவையே கழற்றி, அனுப்பிப் புதுக் கம்பி சுற்றி வாங்கலாம் என்று மரத்தூள் பெட்டிக்குள் வைத்தார். அது இருந்த ஓட்டையில் பழந்துணி அடைத்திருந்தது. அப்போது கடையின் வாஷ்பேசின் ஒழுகுகிறதென்று பிளம்பர் வந்தார். எதையோ எடுக்கப் போன மெக்கானிக் கிக்கர் மேல் கால் வைத்தார், வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. கால் மணி நேரம் அடங்காமல் ஓடியது. கடைசியில் பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்தினார்கள். மூடியதும் பிளம்பர்தான்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப பார்ட் வண்டியில இல்ல. இவர்கிட்ட இருக்கு," என்றார். பிறகு பிளம்பரைப் பார்த்து, "அப்படி உள்ள என்னங்க எரியுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

பிளம்பர் வாஷர் விலை சொல்லும் குரலில் சொன்னார். "நாலு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை விடாம மாமா கூட உக்காந்து இந்த வண்டியத் தொடச்சேன். கடைசியில சகலைக்குக் குடுத்துட்டாரு. இதப் பாக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதான் சிரிச்சுக்கிட்டே வந்துடறேன்."

பதினோரு வருஷமாக ஒரு மனிதர் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார், அதுவும் அந்த மனிதர்! கேட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் தேவையே இல்லாமல் ஐந்து முறை சகலையைக் கூப்பிட்டு வண்டியைக் கிளப்பினார். ஆறாம் முறை பிளம்பர் வரவில்லை. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மனைவியின் அக்கா வந்து சொன்னாள். பொறாமையில் சோறு இறங்காதது எப்படி இருக்கும் என்று இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாளே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சகலை வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்தார். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று குடும்பமே பேசியது. அவர் மனைவியும் பேசினாள். அவரும் அதை நம்பினார்.

பிளம்பர் ஒரு மாதம் உதைத்தார். மேக்னெட்டோவைத் திரும்ப மாட்டினார், ஆசை ஆசையாகப் புதுக் கண்டென்சரும் போட்டார். வண்டி அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.

"சகல, இந்தப் பக்கம் கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

கண்ணாடிக்காரர் மனைவியோடு போனார். தெருவில் பாதி தூரத்திலேயே பிளம்பர் வண்டியின் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. மாமனார் நிற்பது போலவே நின்றார். வண்டிக்கு நாற்பதடி இருக்கும்போது பிளம்பர் உதைத்தார், முதல் உதையிலேயே வண்டி உறுமியது. பிளம்பரின் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளைச் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவர் போகிறார், வண்டி கிளம்பியதும் பின்சீட்டில் ஏறிக்கொள்கிறார். போன மாதம் பழைய வண்டி வாங்குகிற ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக ஓடுகிறதே, பொறிக்கு என்ன பார்ட் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பிளம்பர் கேட்டோரம் சாய்ந்து நிற்கும் சகலையைக் கைகாட்டினார்.

"அந்தப் பார்ட் கடையில கெடைக்காதுங்க. வண்டிய வேணா விப்போம், அத விக்கிறதா இல்ல."